கறுப்புக் கோட்டும் வயிற்றுக் கோளாறும்

"வேணும்னேதான் பண்ணியிருக்க, ரோட்னி! மறந்துபோச்சு கிறந்துபோச்சுன்னு எங்கிட்ட அளக்காத!"

"நான் எப்ப மறந்துபோச்சுன்னு சொன்னேன்?"

"அப்ப இது என்ன? இது என்னன்னு கேக்குறேன், வாயைத் தொறந்து சொல்லு!"

"மழைக்கோட்டு."

அவ்ரில் கையில் உயர்த்திப் பிடித்திருந்தது மழைக்கோட்டேதான். அதுவும் ரோட்னி மீன்பிடிக்கப் போகும்போது மாட்டிக்கொள்வது. ஒரு காலத்தில் பச்சை. பையில் இன்னும் புழு வாடை போகவில்லை. இருக்க வேண்டியது கறுப்புக் கோட்டும், பக்கவாட்டில் பட்டுப் பட்டை ஓடும் கால்சட்டையும். அதுதான் உள்ளே இருக்கிறது என்று நம்பி, அவன் கட்டிக் கொடுத்த கோட்டு உறையை வூல்ஸ்டன் வீட்டிலிருந்து கப்பல்வரை கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வந்திருக்கிறாள். பெட்டிகளையெல்லாம் சுமைக்காரர்களிடம் கொடுத்தவள் அதை மட்டும் கொடுக்கவில்லை. கசங்கிவிடுமாம். டாக்ஸியில் அவள் மடியில் அந்த உறை, பக்கத்தில் ரோட்னி. இட்சென் ஆற்றுப் பாலத்தைத் தாண்டித் துறைமுகம் வரும்வரை ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தான் மனுஷன். ஒரு வார்த்தை? மூச்சு விடவில்லை.

கறுப்புக் கோட்டு ராத்திரி எப்படி என்பதை எங்கள் சவுத்தாம்ப்டன்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆறு மணி ஆனதும் கப்பலில் இருக்கும் கிழவர்களெல்லாம் பென்குவின்களாகிவிடுவார்கள். கிழவிகள் எல்லாம் மினுமினுப்பார்கள். அப்படி மாற மறுப்பவர்களுக்கு மேல்தளத்து பஃபேயும் அதை ஒட்டிய குட்டி மதுக்கூடமும் மட்டும்தான். மற்ற எல்லா வாசலிலும் ஒருவர் சிரித்த முகத்தோடு நிற்பார். சிரிப்பு மாறாமலே திருப்பி அனுப்புவார்.

அவ்ரிலுக்கு இந்த ராத்திரி ஏன் அத்தனை முக்கியம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இது அவர்களுடைய நாற்பதாவது கல்யாண நாளுக்கான பயணம். கூடவே அவளுடைய அக்கா ரோசலிண்டும் வந்திருந்தாள், தானாகவே, கணவன் மால்கமையும் இழுத்துக்கொண்டு. சாண்ட்லர்ஸ் ஃபோர்டில் பெரிய வீடு, வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற கணவன். தங்கை ஒரு துறைமுகக் கிரேன்காரனைக் கட்டிக்கொண்டதை அவள் நாற்பது வருஷமாக மன்னித்துக்கொண்டே இருக்கிறாள், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சத்தமாக. "ரோட்னி தங்கமான ஆளு. ஆனா கிரேன் மேல இருக்குறவரைக்கும்தான். கீழ எறங்கிட்டாத்தான் தொல்லை" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அவ்ரிலும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உருட்டுவாள். பக்கத்து வீடுவரை கேட்கும்.

அவள் கேட்டது வைரமல்ல. கப்பலின் நடுவில் இருக்கும் அந்தப் பெரிய படிக்கட்டில், கறுப்புக் கோட்டு போட்ட புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு, கீழே ரோசலிண்ட் நின்று பார்க்க, ஒரே ஒரு தடவை இறங்கி வரவேண்டும். இதற்காகவே மரகதப் பச்சையில் ஒரு நீளமான உடுப்பு வாங்கி, விளிம்பைத் தானே பிரித்துத் தைத்திருந்தாள். அவனுக்கும் புதிதாக ஒரு பட்டாம்பூச்சி டை.

"எங்கப்பா இந்த மாதிரி கப்பல்லதான் காலம் பூரா சூப்பு ஊத்துனாரு" என்றான் ரோட்னி, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தபடியே. ஜன்னல் இல்லாத கேபின். நிற்க ஒருவருக்குத்தான் இடம். அந்த இடத்தில் அவ்ரில் நின்றுகொண்டிருந்தாள். "இந்தக் கறுப்புக் கோட்டுக்காரனுங்க ஒருத்தனும் அவரைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. வெரலைச் சொடுக்குவானுங்க. அந்த வேஷத்தை நான் மாட்டிக்கிட்டு நிக்கணுமா?"

"உங்கப்பா உசுரோட இருந்தா அவரே உன் கழுத்துல டையைக் கட்டி, ஷூவையும் தொடைச்சு அனுப்பியிருப்பாரு! அவருக்கு உடுத்துறதுன்னா உசுரு. நம்ம கல்யாணத்துல உன்னைப் பாத்தா மாப்பிள்ளை மாதிரியா இருந்துச்சு? அவரைப் பாத்தாத்தான் இருந்துச்சு!"

"அவரை இழுக்காத."

"இழுத்தது நீ. பிடிக்கலைன்னா வீட்லயே சொல்லித் தொலைச்சிருக்க வேண்டியதுதான?"

"சொன்னா நீ கத்துவ."

"இப்ப என்ன, பாட்டா பாடிக்கிட்டிருக்கேன்?"

கீழ்த்தளத்துக் கடையில் வாடகைக்குக் கோட்டு கிடைக்கும், போய் எடுத்து வரலாம் என்றாள். எவனோ வேர்வை விட்ட கோட்டை நான் போடமாட்டேன் என்றான். மால்கமிடம் இன்னொன்று இருக்கும் என்றாள். மால்கம் கோட்டில் என்னுடைய ஒரு தோள்தான் நுழையும் என்றான். அப்புறம் குரலை இறக்கி, சமாதானம் பேசுகிறவன்போல, "நீயும் மேல வந்துரேன் கண்ணு. அங்க நிம்மதியா மீனும் சிப்ஸும் சாப்பிடலாம். எவனும் எந்த முள்கரண்டின்னு பாக்கமாட்டான்" என்றான்.

அவ்ரில் மழைக்கோட்டை அவன் முகத்தின்மேல் எறிந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. ரோசலிண்டின் கேபின் அடுத்ததுதான். கப்பல் சுவர் எவ்வளவு கனம் என்று கப்பலில் போனவர்களுக்குத் தெரியும்.

"அவ்ரில்? எல்லாம் சரியாத்தான இருக்கு? ஏதோ சத்தம் கேட்டுதே."

"இதோ வந்துட்டேன் ரோஸ்! ரோட்னிக்குக் கொஞ்சம் முடியல. நீ போ, நான் பின்னாலயே வரேன்."

"முடியலையா? என்ன பண்ணுது?"

இங்கேதான் அவ்ரில் கோட்டைவிட்டாள். கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லியிருந்தால், அலைக்குப் பேர்போன பிஸ்கே விரிகுடாவில் எல்லாரும் நம்பியிருப்பார்கள். ஆனால் 'துறைமுகத்துக்காரனுக்குக் கடல் ஒத்துக்கலையாம்' என்று அடுத்த கிறிஸ்துமஸுக்கு ரோசலிண்டுக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆகியிருக்கும். தலைவலி என்றிருக்கலாம். பல்வலி என்றிருக்கலாம். இவள் வாயில் வந்ததோ:

"வயிறு சரியில்ல."

கப்பலில் போகிறவர்கள் எந்த வார்த்தையை வேண்டுமானாலும் சொல்லலாம், இந்த ஒன்றைத் தவிர. ஒருவருக்கு வாந்திபேதி கண்டால் ஊருக்கே கண்ட மாதிரி. சாப்பாட்டு அறை வாசலில் கையில் மருந்து தெளிக்காமல் ராஜாவைக்கூட உள்ளே விடமாட்டார்கள். கதவுக்கு வெளியே ரோசலிண்டின் காலடி இரண்டு எட்டு பின்வாங்கியது அவ்ரிலுக்கே கேட்டது. ஆனால் கோபம் காதை அடைத்திருந்தது. பச்சை உடுப்பை மாட்டிக்கொண்டு, முதுகு ஜிப்பைப் போட்டுவிடு என்று அவனிடம் கேட்க மனம் வராமல், கையைப் பின்னால் முறுக்கித் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க போற?"

"சாப்பிட. நீ மேல போய்க் கொட்டிக்கோ."

படிக்கட்டில் இறங்கவில்லை. லிஃப்ட்டில் போனாள்.

மேசையில் ரோசலிண்டும் மால்கமும் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்கள். மால்கம் கறுப்புக் கோட்டில், சாவு வீட்டுப் பொறுப்பாளரைப்போல நிமிர்ந்திருந்தான். பரிமாறுகிற அக்னெலோ, கோவாக்காரர், காலி நாற்காலியைப் பார்த்தார்.

"ஸார் வரலையா மேடம்?"

"அவருக்கு உடம்பு சரியில்ல" என்றாள் ரோசலிண்ட், அவ்ரில் வாயைத் திறப்பதற்குள். "வயிறு."

அக்னெலோவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. கை மட்டும் ரொட்டிக் கூடையைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

இறால் வந்தது. ரோசலிண்ட் மூக்குக்குப் பவுடர் போட்டு வருவதாக எழுந்து போனாள். பவுடர் போட ரொம்ப நேரமாயிற்று. அவள் இல்லாதபோது மால்கம் பேச்சுக்கு எதுவும் அகப்படாமல், "உடுப்பு நல்லாருக்கு அவ்ரில்" என்றான். அன்றைக்கு அந்த உடுப்பைப் பற்றி யாரும் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். அவ்ரிலுக்கு அழுகை முட்டியது, இறாலைக் குத்திக்கொண்டிருந்தாள்.

ரோசலிண்ட் திரும்பி வந்து துணியை மடியில் விரிப்பதற்குள், பின்னாலேயே வெள்ளைச் சீருடையில் ஒரு நர்ஸ் வந்துவிட்டாள். முகமூடி, கையுறை, எல்லாம்.

"மிஸஸ் பிராக்னெல்? உங்க ஹஸ்பண்டைப் பாக்க உங்க கேபினுக்குப் போனோம். அங்க அவர் இல்லையே. எங்க இருப்பார்னு தெரியுமா?"

அக்கம்பக்கத்து மேசைகளில் முள்கரண்டிகள் நின்றன. அவ்ரில் அக்காவைப் பார்த்தாள்.

"நீதான?"

"கப்பல் பூரா வயசானவங்க, அவ்ரில். யாராவது சொல்லித்தான ஆகணும்?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா நீ மறைச்சிருப்ப. ரோட்னி விஷயத்துல நீ எப்பவும் மறைப்ப."

நர்ஸ் காத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கணத்தில், இல்லை, அவனுக்கு ஒரு வியாதியும் இல்லை, கோட்டு போடாமல் அடம்பிடிக்கிறான் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ரோசலிண்ட் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு புரளவில்லை. "மேல பஃபேயில இருக்கலாம்" என்றாள். "பஃபேயிலயா?" என்று நர்ஸ் அலறிய அலறலில் பக்கத்து மேசைக்காரி ஒருத்தி எழுந்தே விட்டாள்.

மேலே போனார்கள். முன்னால் நர்ஸ், பின்னால் உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவ்ரில், அவளுக்குப் பின்னால் ரோசலிண்ட். அவள் எதற்கு வந்தாள் என்று கேட்காதீர்கள். நாங்களாக இருந்தாலும் போயிருப்போம்.

பஃபேயின் கோடியில், கோட்டு போடாதவர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நீள மேசையைப் பிடித்திருந்தார்கள். கம்பளிச் சட்டைகள், அரைக்கால் சட்டைகள், ஒருவர் வீட்டுச் செருப்போடு. நடுவில் ரோட்னி, தட்டு நிறையக் கோழிக் குழம்பு. பக்கத்தில் வடக்கே ஹல் நகரத்திலிருந்து வந்த டெல்மா என்ற விதவை. வீங்கிய காலுக்கு ஓட்டப்பந்தய ஷூவைத் தவிர எதுவும் ஏறாது என்பதால் பஃபேக்கு நாடு கடத்தப்பட்டவள். ரோட்னி ஏதோ சொல்ல, அவள் அவன் தோளில் அடித்துச் சிரித்தாள். அவனும் சிரித்தான், தலையைப் பின்னால் சாய்த்து. அந்தச் சிரிப்பை அவ்ரில் கடைசியாக எப்போது பார்த்தாள் என்று அவளுக்கே ஞாபகம் வரவில்லை. கோபம் அப்போதுதான் உண்மையாகவே தலைக்கேறியது.

"மிஸ்டர் பிராக்னெல், கரண்டியை வச்சுடுங்க. யாரும் அவர் தட்டைத் தொடாதீங்க" என்றாள் நர்ஸ்.

"எதுக்கு?"

"உங்களுக்கு வாந்திபேதின்னு தகவல் வந்திருக்கு."

டெல்மாவின் கை அவன் தோளிலிருந்து எகிறியது. மேசையே எகிறியது. வீட்டுச் செருப்புக்காரர் அந்த வயதில் அவ்வளவு வேகமாக ஓடுவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ரோட்னி நர்ஸைப் பார்த்தான். பிறகு பின்னால் நின்ற மனைவியைப் பார்த்தான். அவ்ரில் கண்ணாலேயே கேட்டாள். ஆமாம், கொஞ்சம் வயிற்றுவலி, வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வா. ரோசலிண்ட் பின்னால் நிற்கிறாள். ஒரே ஒரு பொய், எனக்காக. இந்தப் பார்வையைப் புரிந்துகொள்ளாத அளவுக்கு ரோட்னி மந்தமில்லை. நன்றாகவே புரிந்துகொண்டான். புரிந்துகொண்டுதான் எழுந்து நின்று, கிரேன் மேலிருந்து கீழே இருப்பவர்களுக்குக் கத்திப் பழகிய குரலில் சொன்னான்:

"எனக்கு ஒரு எழவும் இல்ல! அந்தக் கோமாளிச் சட்டையைப் போடமாட்டேன்னு சொன்னேன். அந்த வெக்கத்தை மறைக்க எம் பொண்டாட்டி என்னை வாந்திபேதிக்காரன் ஆக்கிட்டா. போதுமா?"

பின்னால் ரோசலிண்ட், "அப்படியா சங்கதி" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். எல்லாருக்கும் கேட்டது.

வேடிக்கை என்னவென்றால், நர்ஸ் நம்பவில்லை. வியாதி கண்டவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது, எனக்கு ஒன்றுமில்லை என்பதுதானாம். விதி விதிதான். புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு நாள் கேபினை விட்டு வெளியே வரக்கூடாது. சாப்பாடு கதவுக்கு வெளியே வைக்கப்படும்: காய்ந்த ரொட்டி, வெந்த சோறு, தண்ணீர்.

அப்படித்தான் லிஸ்பனுக்குக் கப்பல் போய்ச் சேர்ந்தபோது, ஊரே வெயிலில் இறங்கிப் போக, இவர்கள் இருவரும் ஜன்னல் இல்லாத பெட்டிக்குள் ஆளுக்கு ஒரு கட்டில் ஓரத்தில் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாள் பேச்சே இல்லை. ரோசலிண்ட் தொலைபேசியில் கூப்பிட்டு, "உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றபோது, "எனக்கு நல்லது பண்றதை இன்னியோட எல்லாரும் நிறுத்திக்கோங்க" என்று அவ்ரில் ரிசீவரை வைத்தாள். அவ்வளவுதான் அன்றைக்கு அந்த அறையில் கேட்ட மனிதக் குரல்.

இரண்டாம் நாள் ரோட்னி ஆரம்பித்தான். ஆரம்பிக்காமல் இருந்திருக்கலாம்.

"ஒரு ராத்திரி என்கூட மேல வந்து உக்காந்திருந்தா குடி முழுகியிருக்குமா?"

"நாப்பது வருஷமா உன்கூட உக்காந்துதான இருக்கேன்! பந்தயக்காரங்க கூட்டத்துல, மீன் புடிக்கிற எடத்துல குடையைப் புடிச்சுக்கிட்டு, உன் கூட்டாளிங்க எல்லாம் குடிச்சுட்டு உளர்றதைக் கேட்டுக்கிட்டு. நான் ஒரு தடவை கூப்பிட்டேன். ஒரே தடவை."

"அதுக்காக ஊர் முன்னால என்னைச் சீக்காளின்னு சொல்லுவியா? எல்லாரும் என்னைப் பாத்து ஓடுனானுங்களே, பாத்தியா?"

"பாத்தேன். அது மட்டும்தான் இந்தப் பயணத்துல மனசுக்கு நல்லாருந்துச்சு."

ரோட்னி மடியில் விழுந்த ரொட்டித் தூளைத் தட்டிவிட்டான். பிறகு, உண்மையைச் சொன்னால் அவள் கோபம் ஆறிவிடும் என்று எந்தச் சாத்தான் அவன் காதில் ஓதியதோ, சொன்னான்:

"கோட்டு வீட்லயும் இல்ல அவ்ரில். மார்ச் மாசமே ஷெர்லி ரோட்டுல பழைய துணி வாங்கிக்கிற தர்மக் கடையில குடுத்துட்டேன்."

அவ்ரில் ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"மார்ச்சா?"

"ஆமா. வீட்ல தொங்குனா என்னைக்காவது போடச் சொல்லுவன்னுதான்."

"ஏப்ரல்லதான் நான் உனக்கு அந்த டையை வாங்கிட்டு வந்தேன். நீ கண்ணாடி முன்னாடி நின்னு கழுத்துல வச்சுப் பாத்த. நல்லாருக்குன்னு சொன்ன."

"நல்லாத்தான் இருந்துச்சு."

"நான் ராத்திரி உக்காந்து உடுப்புக்கு விளிம்பு தைக்கும்போது டீ போட்டுக் குடுத்தியே. எந்தக் கலர் நூல்னு கேட்டியே. அப்பவும் தெரியும் உனக்கு."

"தெரியும்."

"டாக்ஸில நான் அந்தப் பையை மடில வச்சிருந்தப்பவும்."

கோட்டு போடாதது ஒரு பெரிய குற்றமா என்று எங்கள் தெருவில் பிறகு இரண்டு கட்சியாகச் சண்டை போட்டார்கள். கோட்டு விஷயம் அல்ல அது. அவ்ரிலுக்கு உறைத்தது, தன்னை மாதக்கணக்காக ஒரு முட்டாளைப்போல நடக்கவிட்டு, பக்கத்திலேயே நடந்து வந்திருக்கிறான் என்பதுதான். அப்பாவுக்கு நேர்ந்த அவமானத்துக்காக அவன் கோபப்படுவதில் நியாயம் உண்டு என்று அவ்ரிலுக்கும் தெரியும். அந்தக் கோபத்தை விரலைச் சொடுக்கியவர்களிடம் காட்டாமல், அவள் மடியில் மழைக்கோட்டாக மடித்து வைத்தானே, அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

"நீ நேராவே, போடமாட்டேன்னு என் மூஞ்சில அடிச்சிருந்தா நான் அழுதுட்டு விட்டிருப்பேன் ரோட்னி" என்றாள். கத்தவில்லை. கத்தாததுதான் அவனைப் பயமுறுத்தியது. "இனி எனக்கு உன்கிட்ட கேக்குறதுக்கு ஒண்ணுமில்ல."

கதவு திறந்துவிடப்பட்டதும் அவ்ரில் நேராக வரவேற்பு மேசைக்குப் போனாள். மிச்சப் பயணத்துக்கு வேறு மேசை வேண்டும், தனியாக, அக்கா கண்ணுக்கு எட்டாத இடத்தில் என்றாள். வேறு கேபினும் கேட்டாள். காலி இல்லை என்றார்கள். சரி, இரண்டு கட்டிலையும் பிரித்துத் தள்ளிப் போடச் சொல்லுங்கள் என்றாள். அந்த அறையில் எவ்வளவு தள்ள முடியும்? ஒரு முழம். அந்த ஒரு முழம் போதுமாக இருந்தது.

ரோசலிண்ட் நடைபாதையில் மடக்கினாள்.

"நாங்களெல்லாம் என்ன நினைப்போம் அவ்ரில்? தனியா உக்காந்து சாப்பிட்டா?"

"நீ என்ன நினைப்பன்னு யோசிச்சு யோசிச்சுத்தான் ரோஸ் நான் இந்தக் கதிக்கு வந்தேன். நீ இஷ்டத்துக்கு நினைச்சுக்கோ. சத்தமா வேணாலும் நினைச்சுக்கோ."

கடைசிக் கறுப்புக் கோட்டு ராத்திரியில் பச்சை உடுப்பைப் போட்டுக்கொண்டு பெரிய படிக்கட்டில் அவள் தனியாக இறங்கினாள். படம் எடுப்பவர் கேமராவை வைத்துக்கொண்டு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஸார் வந்ததும் எடுக்கட்டுமா மேடம்?"

"எடுப்பா. ஸாருக்குப் பசி, மேல போயிட்டார்."

அந்தப் படத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம். அழகாக இருக்கிறாள் என்று சொல்ல ஆசைதான். யாரையோ அறையப் போகிறவள் மாதிரி இருக்கிறாள். ஆனாலும் நிமிர்ந்துதான் நிற்கிறாள்.

மேலே பஃபேயில், ரோட்னிக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தபின் ஓடிப்போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்துவிட்டார்கள். முதலில் வந்தது டெல்மாதான்.

ஊர் வந்து சேர்ந்த வாரமே அவன் படுக்கை பின்பக்கத்து அறைக்குப் போயிற்று. கோடை முடிவதற்குள் அவனும் போய்விட்டான், ஹல்லுக்கு. அடுத்த வருஷம், விவாகரத்து ஆனதும், பதிவு அலுவலகத்தில் டெல்மாவைக் கட்டிக்கொண்டான். கப்பல் பக்கம் போவதில்லையாம். பிரிட்லிங்டன் கடற்கரையில் கேரவன் வண்டியில் தங்கிவிட்டு வருகிறார்களாம். ரோசலிண்டும் மால்கமும் வீட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்க ஸ்பெயினில் அலிகாண்டேக்குப் போய்விட்டார்கள். மால்கம் மட்டும் போவதற்கு முன் வூல்ஸ்டன் வந்து அவ்ரிலிடம் சொல்லிக்கொண்டு போனான். அவ்ரில் அந்த வீட்டை ஒரு போலந்து ஜோடிக்குக் கொடுத்துவிட்டு, தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஹைத்தில் ஒரு சின்ன அடுக்கு வீட்டுக்குக் குடிபோனாள். இரண்டு பேர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டதாகக் கேள்வி, அதில் ஒருவர் பல் டாக்டர். இரண்டு பேரிடமும் முடியாது என்று நேராகச் சொல்லிவிட்டாள்.